ஜுரம் விட்ட பிறகுதான் ஜாக்கிரதை!

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக் கொண்டால், என் கிளினிக் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு வரும் தாய்மார்கள் கேட்கிற முதல் கேள்வி, "டாக்டர், டெங்குவா இருக்குமோ?" என்பதுதான்.

கேட்பதில் தப்பில்லை. 2012-லும் 2017-லும் டெங்கு நம் தமிழ்நாட்டைப் படுத்திய பாட்டை மறக்க முடியுமா? 2017-ல் மட்டும் 23,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள்; 65 பேர் இறந்தார்கள் என்கிறது அரசாங்கக் கணக்கு.

ஆனால் எனக்குக் கவலை தருவது அந்த முதல் கேள்வி அல்ல. நாலாம் நாள், "ஜுரம் விட்டுடுச்சு டாக்டர், இனிமே பயமில்லே. நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பிடட்டுமா?" என்று கேட்கிறார்களே, அதுதான்! மற்ற ஜுரங்களில் உடம்பு குளிர்ந்தால் நிம்மதி. டெங்குவில் உடம்பு குளிரும் அந்த நேரத்தில்தான் ஆபத்து தொடங்கும்.

அடையாளம் என்ன?

டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் கொசு. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடுகள் இருக்கும். பகலில் கடிக்கும், காலையிலும், சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பும் அதிகம். கடித்த 4 முதல் 10 நாட்களுக்குள் ஜுரம் வரும்.

திடீரென்று 102, 103 டிகிரி காய்ச்சல். தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி, வாந்தி, முகம் சிவந்து போதல். மூக்கு ஒழுகலும் இருமலும் பெரும்பாலும் இருக்காது. "கண் வலிக்குது" என்று சொல்லத் தெரியாத கைக்குழந்தை ஓயாமல் அழும், பால் குடிக்க மறுக்கும்.

இதே கொசு கொண்டு வரும் இன்னொரு நோய் சிக்குன்குனியா. 2006-ல் வந்தபோது பெரியவர்கள் மூட்டைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தது நினைவிருக்கும். அதில் மூட்டு வலி முன்னால் நிற்கும். ஆனால் முதல் இரண்டு நாளில் இரண்டையும் பிரித்துச் சொல்வது டாக்டருக்கே கஷ்டம். ஆகவே மழைக்காலத்தில் காரணம் தெரியாத ஜுரம் எதையும் டெங்குவாக இருக்கலாம் என்று எண்ணியே கவனியுங்கள்.

காலண்டரில் குறியுங்கள்

ஜுரம் வந்த தேதியில் தினசரி காலண்டரில் '1' என்று எழுதி விடுங்கள். மறுநாள் 2, அதற்கு மறுநாள் 3. "எப்போ ஆரம்பிச்சது?" என்று நான் கேட்டால், "முந்தாநாளோ, அதுக்கு முந்தின நாளோ..." என்று இழுக்க வேண்டியிருக்காது. ரத்தப் பரிசோதனைக்கும் இது உதவும். என்.எஸ்.1 என்ற பரிசோதனை முதல் ஐந்து நாட்களுக்குள்தான் நன்றாகக் காட்டும். அதில் 'இல்லை' என்று வந்தாலும் டெங்குவே இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஜுரம் இறங்கும். அப்போது சில குழந்தைகளுக்கு ரத்தக் குழாய்களின் சுவர் சல்லடை மாதிரி ஆகிவிடுகிறது. ரத்தத்தில் இருக்கும் நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரும். ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் இறங்கி, கை கால் ஜில்லிட்டுப் போகும். இந்த ஆபத்துக் காலம் ஒன்று அல்லது இரண்டு நாள்தான். அதைக் கவனமாகத் தாண்டிவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத் தேறி விடுவார்கள். தேறும்போது உடம்பெல்லாம் சிவந்து, நடுவில் வெள்ளைத் திட்டுக்களோடு அரிக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

* விடாத வயிற்று வலி
* திரும்பத் திரும்ப வாந்தி
* மூக்கு, ஈறில் ரத்தம். கறுப்பாக மலம் போவது
* கை கால் ஜில்லென்று இருப்பது
* துவண்டு கிடப்பது, அல்லது காரணமில்லாமல் முரண்டு பிடிப்பது
* ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது
* மூச்சு வாங்குவது, வலிப்பு

இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை, குண்டான குழந்தை, முன்பே ஒரு தரம் டெங்கு வந்த குழந்தை என்றால் இன்னும் ஜாக்கிரதை. டெங்கு வைரஸில் நாலு வகை உண்டு. ஒரு வகை வந்து போனபின் வேறு வகை தாக்கினால் நோய் கடுமையாகலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது

டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. நீர் ஆகாரமும் ஓய்வும்தான் வைத்தியம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்துக் கொடுங்கள். இளநீர், உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மோர் எல்லாம் நல்லது. ஒரேயடியாக ஒரு டம்ளர் கொடுத்தால் வாந்தி எடுக்கும். ஸ்பூன் ஸ்பூனாக, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பீட்ரூட், மாதுளைச் சாறு இப்போது வேண்டாம். வாந்தி சிவப்பாக இருந்தால் ரத்தமா, சாறா என்று தெரியாமல் திண்டாடுவோம்.

ஜுரத்துக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். குழந்தையின் எடைக்கு, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. ஆறு மணி நேர இடைவெளி விட்டு. சொட்டு மருந்து ஒரு வீரியம், சிரப் வேறு வீரியம். சிரப்பிலேயே இரண்டு விதம் உண்டு. "போன தடவை அஞ்சு மில்லி கொடுத்தோமே" என்று புதுப் பாட்டிலில் ஊற்றி விடாதீர்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட் ரத்தப் போக்கை உண்டாக்கலாம், கூடவே கூடாது. "ஒரு ஊசி போட்டுடுங்களேன்" என்றும் கேட்காதீர்கள். டெங்குவில் சதையில் ஊசி போட்டால் அங்கே ரத்தம் கட்டும்.

பிளேட்லெட் எண்ணிக்கை குறைந்தால் வீடே கதிகலங்கிப் போகிறது. அந்த எண் மட்டும் முக்கியமில்லை. ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது, குழந்தை எப்படி இருக்கிறது என்பதைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம். "பப்பாளி இலைச் சாறு கொடுத்தா ஏறிடுமாமே?" என்று மாமியார் சொன்னால் கோபித்துக் கொள்ள வேண்டாம். ஆனால் அந்தக் கசப்பில் குழந்தை வாந்தி எடுத்து, இருக்கிற நீரும் போய்விட்டால்? அதை நம்பி ஆஸ்பத்திரியைத் தள்ளிப் போடுவதுதான் பெரிய ஆபத்து.

ஜுரக் குழந்தையைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அதைக் கடிக்கும் கொசு வைரஸை ஏற்றிக் கொண்டு, பிறகு தங்கச்சிப் பாப்பாவைக் கடிக்கும்.

வெள்ளிக்கிழமை வேலை

ஏடிஸ் கொசு சாக்கடையை நாடாது. நாம் பிடித்து வைத்த நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒரு நாள் சுத்தம் செய்தாலே அதன் வம்சம் அறுந்துவிடும். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிறோம் அல்லவா? அன்றே குடம், டிரம், சிமெண்ட் தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு கிடக்கும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, கொல்லையில் சும்மா கிடக்கும் ஆட்டுக்கல் குழி, மாடியில் போட்ட பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, இவற்றையும் பாருங்கள்.

சகோதரிகளே, டெங்கு வந்த குழந்தைக்குப் பெரும்பாலும் விலை உயர்ந்த மருந்து தேவைப்படுவதில்லை. பக்கத்தில் இருந்து கவனிக்கிற இரண்டு கண்கள்தான் தேவை. ஜுரம் இறங்கியதும் "அப்பாடா!" என்று அசந்துவிடாமல், இன்னும் இரண்டே இரண்டு நாள் அந்தக் கண்கள் விழித்திருக்கட்டும்.