பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைக் காக்கும் வீட்டுப் பட்டறைகள்: கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்டும் ஆர்வலர்கள்

புது தில்லி: அரை நூற்றாண்டைக் கடந்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார் மீண்டும் சாலைக்கு வருமா, தில்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தைக்குப் போகுமா என்பதைப் பல நேரங்களில் அதன் கியர்பாக்ஸே முடிவு செய்கிறது. என்ஜினைப் புதுப்பித்துத் தரும் பட்டறைகள் எல்லா நகரங்களிலும் உள்ளன. ஆனால், பழைய பிரிட்டிஷ் கார்களின் கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் குறைந்து வருகின்றனர். அதனால் அந்த வேலையைத் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே செய்யத் துணிகின்றனர் கார் ஆர்வலர்கள்.

கியர்பாக்ஸ் பழுதானால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, உள்நாட்டில் எளிதாகக் கிடைக்கும் வேறொரு காரின் கியர்பாக்ஸைப் பொருத்துவதே நீண்ட காலமாக இங்கு வழக்கமாக இருந்தது. கார் ஓடியது, ஆனால் புதிய பெட்டிக்கு இடம் கொடுப்பதற்காகச் சேஸிஸில் வெட்டும் ஒட்டும் விழுந்தன. அந்தச் சிக்கனத்துக்கு இப்போது விலை கொடுக்க வேண்டியுள்ளது.

விதி சொல்வது என்ன?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021-ல் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு முறையை அறிவித்தது. முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதில் சேரும். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000. பதிவு 10 ஆண்டுகள் செல்லும். எண் பலகையில் "விஏ" என்ற எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே இவ்வாகனங்களைச் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ அனுமதி இல்லை.

வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பதும், சேஸிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது என்பதும் முக்கிய நிபந்தனை. காரோடு பிறந்த கியர்பாக்ஸையே புதுப்பித்துப் பொருத்தினால் சேஸிஸில் கை வைக்க வேண்டிய தேவை எழாது. அசல் கியர்பாக்ஸைக் காப்பது, காரின் அடையாளத்தையே காப்பதாகிறது.

சென்னை உறவு

வீட்டிலேயே கற்றுக்கொள்ள ஏற்ற கார்களில் ஒன்று பிரிட்டனின் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1962 முதல் 1980 வரை தயாரான இந்தத் திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார், ட்ரையம்ப் ஹெரால்டு காரின் சேஸிஸைச் சுருக்கி உருவாக்கப்பட்டது. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிகெலோட்டி. அதே ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையில் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்ற பெயரில் தயாரிக்கப்பட்டது. தொடக்க கால ஸ்பிட்ஃபயரின் கியர்பாக்ஸும் ஹெரால்டின் கியர்பாக்ஸும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே, ஹெரால்டில் கை பழகிய பழைய மெக்கானிக்குக்கு ஸ்பிட்ஃபயர் புதிய பாடம் அல்ல.

மற்றொரு வசதியும் உண்டு. எம்ஜிபி போன்ற கார்களில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே வெளியே தூக்க வேண்டியிருக்கும். ஸ்பிட்ஃபயரிலும் ஹெரால்டிலும் இருக்கைகளையும் நடுவில் உள்ள மூடியையும் கழற்றினால், கியர்பாக்ஸைக் காரின் உட்புறம் வழியாகவே எடுத்துவிடலாம்.

சத்தமே சாட்சி

பிரிப்பதற்கு முன்பே பழுது எங்கே என்பதை ஓரளவு கணிக்கலாம். முதல் மூன்று கியர்களில் இரைச்சல் கேட்டு, நான்காவதில் அடங்கினால், கீழ்த் தண்டான லேஷாஃப்ட்டின் பேரிங்குகள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நான்காவது கியரில் என்ஜினின் விசை நேராகப் பின்சக்கரங்களை நோக்கிச் செல்வதால், அந்தத் தண்டு சுமையின்றிச் சுழல்கிறது என்பதே காரணம். கியர் மாற்றும்போது கரகரவென அரைத்தால், இரு பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன் செய்யும் பித்தளை வளையங்கள் தேய்ந்திருக்கலாம். ஆனால் தொடக்க கால ஸ்பிட்ஃபயரில் முதல் கியருக்கு இந்த வளையமே கிடையாது. 1970-ல் வந்த நான்காம் வடிவத்தில்தான் முன்னோக்கிச் செல்லும் எல்லா கியர்களுக்கும் அது கிடைத்தது. எனவே பழைய காரில் ஓடும்போது முதல் கியர் அரைப்பது பழுதல்ல, அதன் இயல்பு.

வேலையில் முதல் விதி பாதுகாப்பு. காரை ஜாக்கியின் மீது மட்டும் நிறுத்தி அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து; இரும்புத் தாங்கிகள் கட்டாயம் வேண்டும். பழைய கிளட்ச் பிளேட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் பொறுமைக்குச் சோதனை தொடங்குகிறது. கியர்களைத் தேர்வு செய்யும் மூன்று கம்பிகளுக்கிடையே சிறு இரும்புக் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் உள்ளன. இரண்டு கியர்கள் ஒரே நேரத்தில் விழாமல் தடுக்கும் சிறிய உருளைகளும் அங்கேதான் இருக்கின்றன. துணி மூடாமல் கழற்றினால் குண்டுகள் தெறித்து ஓடிவிடும். லேஷாஃப்ட்டைத் தாங்கும் ஊசி போன்ற உருளைகள் இன்னும் நுணுக்கமானவை. அவற்றைக் கிரீஸில் ஒட்டி வைத்து, அதே பருமனில் கடைந்த போலித் தண்டு ஒன்றைச் செருகிய பிறகே மீண்டும் பூட்ட முடியும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, பாகங்களை வரிசையாகத் தட்டுகளில் அடுக்கி எழுதி வைப்பவர்களே வெற்றி பெறுகின்றனர்.

உதிரிபாகம் எங்கே?

பேரிங்குகளிலும் ஆயில் சீல்களிலும் பல, பொதுவான அளவுகளில் வருபவை. எண்ணையும் அளவையும் குறித்துச் சென்றால் தில்லி காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் தேடிப் பிடிக்கலாம். கேஸ்கட்டைத் தாளில் வெட்டிக்கொள்ளலாம். வெண்கலப் புஷ்களை லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். பல்சக்கரங்களும் பித்தளை வளையங்களும் அப்படிக் கிடைப்பதில்லை. அவற்றுக்குப் பிரிட்டனில் உள்ள விற்பனையாளர்களையோ, உடைக்கப்பட்ட பழைய கியர்பாக்ஸ்களையோதான் நாட வேண்டும். தூக்கி எறியப்பட்ட கியர்பாக்ஸ் ஒவ்வொன்றும் இன்னொரு காரைக் காப்பாற்றியிருக்கக்கூடும் என்ற வருத்தம் ஆர்வலர்களிடம் உண்டு.

கடைசியில் ஊற்றும் ஆயிலிலும் கவனம் தேவை. "ஜிஎல்-5" வகை ஆயில்கள் சிலவற்றில் உள்ள கந்தகச் சேர்மானங்கள் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கலாம். ஆகவே "ஜிஎல்-4" வகையே பரிந்துரைக்கப்படுகிறது. பல வாரங்கள் பாடுபட்டுப் பூட்டிய கியர்பாக்ஸ், தவறான ஒரு டப்பா ஆயிலால் கெட்டுப்போகக் கூடாது.

காத்திருக்கும் கார்கள்

ஐம்பது ஆண்டு நிறையாத கார்களின் நிலைதான் இக்கட்டானது. தில்லியில் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்கள் ஓடுவதற்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-ல் இவ்விவகாரம் மீண்டும் அந்நீதிமன்றத்தின் முன் வந்தது. ஸ்பிட்ஃபயர் உற்பத்தியின் கடைசி ஆண்டான 1980-ல் பதிவான ஒரு கார், பழம்பெரும் வாகனம் என்ற தகுதியை 2030-ல்தான் எட்டும். அதுவரை கொட்டகையில் நிற்கும் காரைப் பாகம் பாகமாக விற்றுவிடாமல், கியர்பாக்ஸை முழுமையாகப் பூட்டி ஆயில் நிரப்பி வைத்திருப்பவர்களுக்கே அந்த எண் பலகை கிடைக்கும் வாய்ப்பு உண்டு.