குதிரைக்கும் ஊர் உண்டு



சில வருஷங்களுக்கு முன்னே எங்கள் வட்டாரத்து விவசாயி ஒருத்தர், சந்தையிலே ஒரு குதிரை வாங்கி வந்தார். “மார்வாரிக் குதிரைங்க ஐயா. காதைப் பாருங்க, சுழியும் சுத்தம்” என்றார் பெருமையாக. காது வளைந்துதான் இருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். பல்லெல்லாம் நீண்டு முன்னே சாய்ந்திருந்தது. ஆறு வயசு என்று சொல்லி விற்ற குதிரைக்கு வயசு 15-ஐத் தாண்டியிருந்தது. பாவம், மனுஷர் இடிந்து போய்விட்டார்.

மாட்டைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. காங்கேயம் மேட்டு நிலத்து மாடு, உம்பளச்சேரி சேற்று வயல் மாடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். குதிரையும் அப்படித்தான். அதது பிறந்த மண்ணும், வாங்கின வேலையும் சேர்ந்துதான் இனத்தை உண்டாக்கியிருக்கின்றன.

ராஜஸ்தானத்து மார்வார் பகுதியிலே உண்டானது மார்வாரி. கழுத்தும் முதுகும் சேருகிற மேடு வரை அளந்தால் சுமார் 5 அடி இருக்கும். குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதிக்குச் சொந்தமானது காத்தியவாரி. இது கொஞ்சம் குள்ளம். முகம் நடுவிலே சற்றுக் குழிந்திருக்கும். இரண்டுக்குமே காது உள்பக்கமாக வளைந்து நுனியோடு நுனி தொடும். ஆகவே காதை மட்டும் பார்த்து இனம் சொல்லக் கூடாது. வறண்ட பூமியிலே வெயிலைத் தாங்கி நெடுந்தூரம் போகிற குதிரைகள் இவை.

வடக்கே லடாக்கின் சன்ஸ்கார் பள்ளத்தாக்கு, கடல் மட்டத்துக்கு மேல் 12,000 அடியிலே இருக்கிறது. அங்கே மூச்சு விடவே சிரமம். சன்ஸ்காரி மட்டக்குதிரை அந்தக் குளிரிலும் பொதி சுமக்கும். அடர்ந்த ரோமம், கட்டையான உடம்பு, உறுதியான கால். இமாசலத்து ஸ்பித்தி மட்டக்குதிரையும் இதே ஜாடைதான்.

கிழக்கே மணிப்பூர் மட்டக்குதிரைக்கு உயரம் நாலடிக்கு முன்னே பின்னே. ஆனால் வேகமும் வளைந்து திரும்புகிற லாவகமும் அபாரம். அந்த ஊர் மக்கள் அதன்மேல் ஏறி ஆடிய பந்தாட்டத்தைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரர்கள் போலோ கற்றுக்கொண்டார்கள். 1859-இல் சில்சாரில் அதற்குச் சங்கமும் வைத்தார்கள்.

நம்ம பக்கம்? பாண்டியர் காலத்தில் அரபு நாடுகளிலிருந்து காயல் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாகக் குதிரை வந்தது. வந்தவற்றில் பெரும்பாலானவை வருஷம் திரும்புவதற்குள் செத்துப்போயின என்றும், பராமரிக்கத் தெரியாததே காரணம் என்றும் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்தார்களாம்! குதிரை அசை போடாது, அதனால் வாந்தி எடுக்கவும் முடியாது என்பதில்லை; இரண்டுமே அதன் இயல்பு. மாட்டுக்குப் போடுவது போல ஒரே நேரத்தில் கொட்டினால் வயிற்றுவலி கண்டு ஒரே நாளில் போய்விடும். புல்லும் ஊறவைத்த கொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள்.

வாங்கும்போது சுழி பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னே பல் பாருங்கள். நடு முன்பற்கள் இரண்டரை வயசிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓரப்பற்கள் நாலரையிலும் விழுந்து முளைக்கும். ஐந்து வயசில் வாய் நிறைந்துவிடும். கீழ்த்தாடை முன்பற்களிலுள்ள குழி 6 வயசிலிருந்து 8-க்குள் நடுவிலிருந்து ஓரமாகத் தேய்ந்து மறையும். அப்புறம் நடக்கவிட்டு, ஓடவிட்டு, காலைத் தடவிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. 2012 கணக்கெடுப்பில் நம் நாட்டில் சுமார் 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும், 2019-இல் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. வண்டிக்கும் பொதிக்கும் வேலை போனதும் வளர்ப்பவர் கைவிட்டார்கள். சுத்தமான பெட்டைக் குதிரை கையில் இருந்தால், அருகில் கிடைத்த ஏதோ ஓர் ஆண்குதிரையோடு சேர்க்காதீர்கள். அதே இனத்தைத் தேடிச் சேருங்கள். கால்நடை மருத்துவரைக் கேட்டால் வழி சொல்வார். நாட்டு மாட்டைக் கலப்பிலே கரைத்துவிட்டு, இன்றைக்கு நல்ல பொலிகாளைக்கு ஊர் ஊராக அலைகிறோமே, அந்த நிலைமை குதிரைக்கும் வர வேண்டாம்.