முந்திரிக்காட்டு வயலட்

வயலட் என்றதும் நம் நினைப்பு ஊட்டிக்கு ஓடும். மே மாத மலர்க்காட்சியும், தொட்டி தொட்டியாக அடுக்கி வைத்த பேன்சிப் பூக்களும், குளிரும் மூடுபனியும் கண்முன் வரும். வெயிலுக்குப் பேர்போன கடலூர் மாவட்டத்துக்கும் அந்தப் பூவுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கலாம். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்து முடிந்த பிறகு, விருத்தாசலத்துக்கும் ஸ்ரீமுஷ்ணத்துக்கும் இடைப்பட்ட செம்மண் கொல்லைகளில் வரப்போரம் குனிந்து தேடிப் பாருங்கள். முந்திரிக்காட்டு ஓரத்தில், மல்லாட்டைக் கொல்லையில் களைக்கொத்துக்குத் தப்பிய இடங்களில், ஒரு சாண் உயரச் செடி ஒன்று நிற்கும். குறுகலான இலைகள். இலைக்கக்கத்தில் மெல்லிய காம்பில் ஒற்றைப் பூ. அதில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஒரே ஓர் அகன்ற இதழ்.

நாட்டு மருந்துக் கடையில் இதன் பெயர் ஓரிதழ் தாமரை. தாமரைக்கும் இதற்கும் குடும்ப உறவு ஏதும் இல்லை. இது வயலட்டின் சொந்தம். வயோலேசி என்னும் வயலட் குடும்பத்தைச் சேர்ந்த செடி. லின்னேயஸ் 1753இல் இதற்குப் பெயர் வைத்தபோது 'வயோலா என்னியாஸ்பெர்மா' என்று வயலட் பேரினத்துக்குள்ளேயே சேர்த்தார். ஒன்பது விதை கொண்ட வயலட் என்று அதற்குப் பொருள். பிறகு வந்தவர்கள் அதை ஹைபாந்தஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். 2015இல் ஆஃப்ரோஹைபாந்தஸ் என்ற புதிய பேரினம் பிரிக்கப்பட்டபோது இதுவும் அங்கே போயிற்று. குடும்பம் மட்டும் மாறவில்லை. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தை உருவாக்கிய அருட்தந்தை கே. எம். மத்தேயு, தமிழகச் சமவெளியின் தாவரங்களைத் தொகுத்து 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட பெருநூலிலும் இந்தச் செடிக்கு இடம் உண்டு.

பூவை ஒரு கைலென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். ஓரிதழ் என்று சொன்னாலும் இதழ்கள் ஐந்து. நான்கு மிகச் சிறியவை, பூவின் மேல்பக்கம் ஒடுங்கிக் கிடக்கும். ஐந்தாவது மட்டும் குறுகிய காம்புபோல் தொடங்கி, விசிறியாக விரிந்து, கீழே தொங்கும். தேனீ வந்து உட்காரும் மேடை அதுதான். அந்த இதழின் அடிப்பகுதி சற்றே பை போல் புடைத்திருக்கும். ஐந்து மகரந்தத் தாள்கள் சூலகத்தைச் சுற்றிக் கூம்பாக ஒட்டி நிற்கும். தேன் தேடி உள்ளே தலையை நுழைக்கும் பூச்சி அந்தக் கூம்பை அசைக்காமல் போக முடியாது. அசைத்தால் மகரந்தம் அதன் மேல் கொட்டும். ஊட்டியின் பேன்சியும் ஐரோப்பியக் காட்டு வயலட்டும் இதே ஏற்பாட்டில்தான் அமைந்தவை. இதழ்களின் அளவைக் கூட்டிக் குறைத்து இயற்கை வேறு வேறு முகங்களைச் செய்திருக்கிறது.

காய் உருண்டை. முற்றியதும் மூன்றாகப் பிளக்கும். ஒவ்வொரு பிளவும் படகு வடிவம். அதில் விதைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வெயிலில் காயக் காயப் படகின் இரு விளிம்பும் உள்நோக்கி நெருங்கும். விரலிடுக்கில் வைத்து அழுத்திய புளியங்கொட்டைபோல் விதை வழுக்கித் தெறிக்கும். பல வயலட் இனங்களில் இதோடு இன்னொரு ஏற்பாடும் உண்டு. விதையின் ஒரு முனையில் எண்ணெய்ச்சத்துள்ள சிறு முடிச்சு ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துப் போய், முடிச்சை மட்டும் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடும். விதைத்த கூலி அந்த முடிச்சு.

வயலட் குடும்பத்தில் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் உள்ளன. அவற்றில் 600க்கும் மேற்பட்டவை வயோலா பேரினத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலும் குளிர் நாட்டுச் சிறுசெடிகள். மற்றவற்றில் பல வெப்பமண்டலக் காட்டின் புதர்களும் மரங்களும். 2014இல் பிலிப்பைன்ஸில் கண்டறிந்து அறிவித்த ரைனோரியா நிக்கோலிஃபெரா என்ற மரம் மண்ணிலிருந்து நிக்கல் உலோகத்தை உறிஞ்சி, இலையில் பத்து லட்சத்துக்கு 18,000 பங்கு வரை சேர்த்து வைக்கிறது. அதுவும் வயலட்டின் பங்காளிதான். வீடுகளில் சன்னலோரம் வளர்க்கும் 'ஆப்பிரிக்க வயலட்' இந்தக் குடும்பமே இல்லை. அது தான்சானியாவின் மலைகளிலிருந்து வந்த வேறு குலத்துச் செடி.

குளிர்நாட்டு வயலட்டுகளின் வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்தது மூடிய பூ. வசந்தத்தில் அழகாக விரிந்து பூச்சியை அழைக்கும் அதே செடி, கோடையில் இலைகளுக்கு அடியில் திறக்கவே திறக்காத மொட்டுகளை விடும். அவற்றுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை நடந்து காயும் பிடித்துவிடும். டார்வின் 1877இல் வெளியிட்ட தமது பூக்கள் பற்றிய நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பூச்சி வந்தால் புதுக் கலப்பு, வராவிட்டாலும் விதை உறுதி. ஆனால் பூச்சியே இல்லாமற்போனால்? பாரிஸ் சுற்றுவட்டாரத்து வயல் பேன்சிகளைப் பற்றி 2023இல் வெளியான ஓர் ஆய்வு அதைக் காட்டியது. சேமிப்பில் இருந்த பழைய விதைகளையும் புதிய விதைகளையும் ஒருசேர வளர்த்துப் பார்த்தார்கள். இருபது முப்பது ஆண்டுகளுக்குள் பூவின் அளவு சுமார் 10 சதவீதமும் தேன் சுமார் 20 சதவீதமும் குறைந்திருந்தன. செடி தேனீயை நம்புவதைக் குறைத்துக்கொண்டு தனக்குத் தானே சேர்ந்துகொள்ளத் தொடங்கியிருக்கிறது. பூச்சிக்கொல்லி தெளிக்கும் நம் கொல்லைகளில் ஓரிதழ் தாமரையின் அந்த ஒற்றை இதழை இப்போதே அளந்து எழுதி வைக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதனால்தான். பள்ளி மாணவர்களே செய்யக்கூடிய வேலை அது.

மணம் பற்றியும் சொல்லாமல் விட மனமில்லை. ஐரோப்பிய வயலட் பூவின் வாசனைக்குக் காரணமான அயனோன் என்ற பொருளை 1893இல் டீமன், குரூகர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர்கள் செயற்கையாகத் தயாரித்தார்கள். அதற்கு மூலப்பொருள் சிட்ரால். சிட்ரால் நிறைந்தது எலுமிச்சைப்புல் எண்ணெய். கேரளத்திலிருந்து கப்பலேறிய புல்லெண்ணெய்தான் பிற்காலத்தில் மேல்நாட்டுச் சோப்புகளுக்கும் பவுடர்களுக்கும் வயலட் மணம் தந்தது.

ஸ்ரீமுஷ்ணத்துக்கே திரும்புவோம். ஓரிதழ் தாமரையை நம்பி வாழும் வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு: அக்ரேயா டெர்ப்சிகோர். செம்பழுப்பு இறக்கையில் கறுப்புப் புள்ளிகள். அவசரமில்லாமல் தாழப் பறக்கும். அதன் உடலில் பறவைகளுக்குப் பிடிக்காத கசப்பு இருப்பதால் அதற்கு விரைய வேண்டிய தேவை இல்லை. வேலியில் படரும் சிறுபூனைக்காலியிலும் இது முட்டையிடும். ஆனால் சிறுபூனைக்காலி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கொடி. அது இங்கே வருவதற்கு முன்பே இந்தப் பூச்சியின் புழுவுக்கு இரையாக இருந்தது நம் சமவெளி வயலட். இந்த வண்ணத்துப்பூச்சி அண்மைக் காலத்தில் தென்கிழக்கு ஆசியா வழியாகப் பரவி 2012இல் வட ஆஸ்திரேலியாவில் கால் பதித்தது. அங்கேயும் அது தேடிக் கண்டுபிடித்துத் தின்றது ஓரிதழ் தாமரையைத்தான். மலையில் இதற்கு இணையான கதை உண்டு. நீலகிரி, ஆனைமலைப் பகுதிகளில் வாழும் நீலகிரி ஃபிரிட்டிலரி என்ற ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் புல்வெளியில் முளைக்கும் வயோலாவைத் தின்று வளர்கின்றன. மலையானாலும் சமவெளியானாலும் வயலட் போனால் கூடவே ஒரு வண்ணத்துப்பூச்சிக்கும் நெருக்கடிதான்.

செடிக்குள் இருப்பது இன்னும் பெரிய செய்தி. 1960களில் காங்கோவில் பணியாற்றிய நார்வே மருத்துவர் லோரென்ட்ஸ் கிரான், பிரசவத்தை விரைவுபடுத்த அங்குள்ள பெண்கள் ஒரு மூலிகையைக் கொதிக்கவைத்துக் குடிப்பதைக் கவனித்தார். கொதித்தும் சிதையாத ஒரு சிறு புரதம் அதில் இருந்தது. அது எப்படிச் சிதையாமல் நிற்கிறது என்பது 1995இல் அதன் வடிவம் தெரிந்தபோது விளங்கியது. அந்தப் புரதத்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. இரு முனையும் இணைந்த வளையம். வளையத்துக்குள் மூன்று கந்தகப் பிணைப்புகள் முடிச்சிட்டிருந்தன. சைக்ளோடைடு என்று அழைக்கப்படும் இந்த வகைப் புரதங்கள் இதுவரை ஆராய்ந்த வயலட் குடும்பச் செடிகளிலெல்லாம் கிடைத்திருக்கின்றன. பூச்சிகளிடமிருந்து செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்துகொண்ட ஆயுதம் இது. நம் வீட்டு வேலியில் பூக்கும் சங்குப்பூவிலும் இவை உண்டு. ஆஸ்திரேலியாவில் சங்குப்பூச் செடியின் சாற்றிலிருந்து பருத்திக்கான பூச்சிவிரட்டியைத் தயாரித்து விற்கிறார்கள்.

ஓரிதழ் தாமரையில் உள்ள சைக்ளோடைடுகளை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 2020இல் வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுசெல்களைக் கொன்றது. ஆய்வகத் தட்டு வேறு, மனித உடல் வேறு. செல்சவ்வைத் துளைக்கும் பொருள் நல்ல செல்லையும் துளைக்கக்கூடும். எனவே இதைப் புற்றுநோய் மருந்து என்று யாரும் நம்பிவிடக் கூடாது. சித்த மருத்துவத்தில் ஓரிதழ் தாமரை நீர்க்கடுப்புக்கும் உடல் வலுவுக்கும் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. அதை மருத்துவர் சொல்லி, அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. மருந்துக்கு இந்தச் செடியைச் சமூலமாக, அதாவது வேர் முதல் பூ வரை முழுதாகப் பிடுங்குகிறார்கள். பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே செடி போய்விட்டால் அடுத்த மழைக்கு விதை ஏது? இதைக் கொல்லையிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். களைக்கு மதிப்புக் கொடுப்பது பூவராகர் கோயில் கொண்ட ஸ்ரீமுஷ்ணத்துக்குப் புதிதாகத் தோன்றாது. உழவர் களை என்று பிடுங்கி எறியும் கோரையின் கிழங்கு இந்த ஊர்க் கோயிலில் பெருமாளுக்கு நைவேத்தியம்.

வளர்ப்பதில் ஒரே சிக்கல் முளைப்பு. விதை நன்றாக முளைப்பதில்லை என்பதால்தான் பல பல்கலைக்கழகங்கள் திசு வளர்ப்பில் இதைப் பெருக்கிப் பார்த்தன. வீட்டில் அதற்கு வழி, தாராளமாக விதைப்பதும் பொறுமையாக இருப்பதும். புரட்டாசிக் கடைசியில், மழைக்குச் சற்று முன், விதைகளை மேலாகத் தூவி, மணலால் மெல்லிய படலமாக மூடுங்கள். நாற்று விட்டுப் பிடுங்கி நட வேண்டாம். நேராக இறங்கும் வேர் அறுந்தால் செடி தேறுவது கடினம். செம்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மணல், ஒரு கைப்பிடி மக்கிய தொழுவுரம் போதும். உரம் கூடினால் இலைதான் கொழுக்கும்.

தொட்டி விஷயத்தில் விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பீங்கான் தொழிற்பேட்டை உள்ள ஊர் அது. பார்வைக்குப் பளபளக்கும் மெருகிட்ட பீங்கான் தொட்டியின் சுவர் வழியாக நீர் கசியாது. அடியில் ஓட்டை சிறிதாக இருந்தால் வேர் அழுகும். இந்தச் செடிக்கு மெருகிடாத சுடுமண் தொட்டிதான் ஏற்றது. வெயில் நாள் முழுதும் பட்டாலும் பாதகமில்லை. மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். பேன்சிதான் வேண்டும் என்பவர்கள் ஐப்பசியில் விதைத்துத் தை மாதத்தில் பூப் பார்க்கலாம். பங்குனி வெயில் ஏறியதும் அது வாடிவிடும், அடுத்த ஆண்டு மறுபடி விதை வாங்க வேண்டும்.

ஓரிதழ் தாமரையில் பூ, பிஞ்சு, முற்றிய காய் மூன்றும் ஒரே செடியில் ஒரே நேரத்தில் இருக்கும். விதை எடுப்பவர்கள் காய் பழுப்பாகத் தொடங்கும்போதே மெல்லிய துணியைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் வெடித்துச் சிதறிவிடும். சிதறியவற்றுக்காக வருத்தப்பட வேண்டாம், தொட்டி மண்ணைக் கிளறாமல் விட்டால் அடுத்த மழையில் அவற்றில் சில முளைக்கும். இலையில் முள்முள்ளான புழுவைக் கண்டால் மருந்து அடிக்காதீர்கள். அது அக்ரேயாவாக இருக்கலாம்; அதற்கென்றே கூடுதலாக நான்கைந்து செடி விட்டு வையுங்கள்.