மைக்ரோவேவ் ஓடுது, ஆனா சூடாகலையா? கவரைக் கழற்றும் முன் இதைப் படிங்க!

தட்டு சுத்துது, லைட் எரியுது, ஃபேன் சத்தமும் கேட்குது. ஆனால் உள்ளே வைத்த சாம்பார் மட்டும் ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்தபடியே இருக்கிறது. என்ன பிரச்சினை?

கண்ணாடி கப்பில் 200 மி.லி. தண்ணீரை வைத்து, ஃபுல் பவரில் 1 நிமிடம் ஓட விடுங்கள். அடுப்பு நன்றாக இருந்தால் தண்ணீர் கை பொறுக்காத அளவுக்குச் சுடும். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், வீட்டில் லோ வோல்டேஜா என்று பாருங்கள். துளியும் சூடில்லையா? சில மாடல்களில் டெமோ மோடு ஆன் ஆகியிருக்கலாம். அணைக்கும் வழி மேனுவலில் இருக்கும். கன்வெக்‌ஷன் மோடில் மட்டும் சூடாகிறது என்றால், கோளாறு மைக்ரோவேவ் பக்கம்தான்.

நம்ம வேலை இத்தோடு சரி. யூடியூப் பார்த்து ஸ்க்ரூ டிரைவரை எடுப்பது வேண்டவே வேண்டாம். மிக்ஸி மாதிரி இல்லை இது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை, டிரான்ஸ்ஃபார்மரும் கெபாசிட்டரும் டயோடும் சேர்ந்து சுமார் 4,000 வோல்ட்டாக ஏற்றித்தான் மேக்னட்ரானுக்குக் கொடுக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கலாம். கை பட்டால் உயிரே போகலாம்.

மெக்கானிக்கிடம் "ஹீட் ஆகலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். வழக்கத்தைவிடப் பெரிய உறுமல் சத்தம், கருகல் வாடை வந்ததா என்பதையும் சொன்னால் பழுதைக் கண்டுபிடிப்பது சுலபம். டயோடு, கதவு சுவிட்ச் என்றால் சின்ன செலவுதான். மேக்னட்ரான் போயிருந்தால் பழைய பில்லைத் தேடுங்கள். பல பிராண்டுகள் அதற்கு மட்டும் கூடுதல் ஆண்டுகள் வாரன்ட்டி தருகின்றன.