வரிசை நீளும், மருந்து காத்திராது
கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்லும் நீரிழிவு நோயாளிகள் உணவு நேரத்தைத் திட்டமிடும் முறை

கோடை விடுமுறையிலும் பொங்கல் விடுமுறையிலும் குடும்பத்தோடு கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்று வருவது பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. சென்னையில் உள்ளோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த வி.ஜி.பி., எம்.ஜி.எம். பூங்காக்களுக்கும், கோவை வட்டாரத்தில் உள்ளோர் மேட்டுப்பாளையம் அருகேயுள்ள பிளாக் தண்டர் நீர்ப்பூங்காவுக்கும் செல்கின்றனர். நீரிழிவு நோய் உள்ளவர்கள் இத்தகைய பயணங்களைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றில் மட்டும் அவர்கள் முன்கூட்டியே தெளிவாக இருத்தல் வேண்டும். மதிய உணவு எப்பொழுது கிடைக்கும் என்பதைக் கூட்டத்தின் கையில் விட்டுவிடக் கூடாது.

வீட்டில் உணவு அரைமணி நேரம் தாமதமானால் அடுக்களையில் ஏதேனும் ஒன்றை எடுத்து உண்ணலாம். பூங்காவில் அந்த வசதி இல்லை. உணவுக்கூடத்தின் முன் நிற்கும் வரிசையே உணவு நேரத்தை முடிவு செய்கிறது. காலையில் உட்கொண்ட மருந்தோ அந்த வரிசையைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைந்து மயக்கம் ஏற்படுவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

கூட்டம் எப்பொழுது சேர்கிறது?

பெரும்பாலான பூங்காக்கள் காலை பத்து அல்லது பதினோரு மணியளவில் திறக்கப்படுகின்றன. ஏறத்தாழ ஒரே நேரத்தில் உள்ளே நுழைபவர்களுக்குப் பசியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் எடுக்கும். ஆகவே பன்னிரண்டரை மணி முதல் இரண்டரை மணி வரை உணவுக்கூடங்களில் நெரிசல் உச்சத்தை அடைகிறது. அலைக்குளம் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் இயங்கும் பூங்காக்களில், ஓர் ஆட்டம் முடிந்தவுடன் குளத்திலிருந்த அனைவரும் ஒருசேர உணவுக்கூடத்தை நோக்கி வருவதையும் காணலாம். ஞாயிற்றுக்கிழமை, காணும் பொங்கல், பள்ளி விடுமுறை நாட்கள் ஆகியவற்றில் இந்நெரிசல் மேலும் மிகும்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். உணவுச் சீட்டு வழங்குமிடத்தில் ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் ஆகிறது எனக் கொள்வோம். நமக்கு முன்னால் நாற்பது பேர் நின்றால் நமது முறை வருவதற்கு ஒரு மணி நேரம் ஆகிவிடும். சீட்டு வாங்கிய பின் உணவு பெறவும், அமர இடம் தேடவும் மேலும் கால் மணி நேரம் கழியும். பசித்த பின் வரிசையில் சேர்பவர், பசித்து ஒன்றேகால் மணி நேரத்திற்குப் பின்னரே உண்கிறார்.

எந்த மருந்துக்கு எவ்வளவு எச்சரிக்கை?

உணவு தாமதமானால் ஏற்படும் ஆபத்து எல்லா நீரிழிவு நோயாளிகளுக்கும் ஒரே அளவினதன்று. அது அவரவர் உட்கொள்ளும் மருந்தைப் பொறுத்தது.

மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்கு உணவு சற்றுத் தாமதமாவதால் சர்க்கரை அபாயகரமாகக் குறைவது அரிது.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. காலையில் உட்கொண்ட மாத்திரையின் விளைவு மதியத்திலும் தொடர்கிறது. இவர்களுக்கு மதிய உணவு தவறக் கூடாது.

காலையும் இரவும் கலவை இன்சுலின் செலுத்திக்கொள்பவர்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். மதியத்தில் ஊசி இல்லையாதலால் மதிய உணவைத் தள்ளிப்போடலாம் என்று இவர்களுள் பலர் எண்ணுகின்றனர். கலவை இன்சுலினில் இரு பகுதிகள் உள்ளன. விரைந்து செயல்படும் பகுதி காலை உணவுக்கானது. மெதுவாகச் செயல்படும் பகுதி, செலுத்திய சில மணி நேரத்திற்குப் பின்னரே வலுப்பெறுகிறது. காலை ஏழரை மணிக்குச் செலுத்தினால் அதன் வலிமை நண்பகலை ஒட்டியும் பிற்பகலிலும் மிகுந்திருக்கும். அதாவது உணவுக்கூட வரிசை மிக நீண்டிருக்கும் அதே நேரத்தில், உடலில் இன்சுலினும் மிகுந்து செயல்படுகிறது.

ஒவ்வொரு வேளை உணவின்போதும் இன்சுலின் செலுத்திக்கொள்பவர்கள் வேறொரு விதியை நினைவில் கொள்ள வேண்டும். உணவுத் தட்டு கைக்கு வந்த பின்னரே ஊசியைச் செலுத்த வேண்டும். ‘வரிசையில் நிற்கும்போதே போட்டுக்கொண்டால் நேரம் மிச்சமாகும்’ என்று எண்ணுவது ஆபத்தானது. உணவுக்கு அரைமணி முன்னதாகச் செலுத்த வேண்டிய இன்சுலின் வகையைப் பயன்படுத்துபவர்கள், அன்றைய நாளில் என்ன செய்வது என்பதைப் பயணத்திற்கு முன்பே தம் மருத்துவரிடம் கேட்டறிதல் நலம். நாள் முழுவதற்குமான அடிப்படை இன்சுலினை எக்காரணம் கொண்டும் தாமாக நிறுத்தக் கூடாது.

முந்தி உண்பதே எளிய வழி

நெரிசலைத் தவிர்க்க இரு வழிகள் உண்டு. பதினொன்றேமுக்கால் மணிக்கே உண்பது ஒன்று. இரண்டரை மணிக்குப் பின் உண்பது மற்றொன்று. உடல்நலம் உடையவர்களுக்கு இரண்டும் ஒன்றே. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ உட்கொள்பவர்களுக்கு முதல் வழியே உகந்தது. காலை உணவை எட்டு மணிக்கு உண்டவர் பதினொன்றேமுக்கால் மணிக்கு மதிய உணவை உண்டால் இடைவெளி நான்கு மணி நேரத்திற்குள் அடங்கும். உணவுக்கூடத்திலும் அப்பொழுது இடம் இருக்கும். எல்லோரும் உணவுக்காக வரிசையில் நிற்கும் வேளையில் விளையாட்டு அரங்குகளில் கூட்டம் சற்றுக் குறைவதால் குழந்தைகளுக்கும் அது மகிழ்ச்சியே.

இவ்வாறு முந்தி உண்பவர்கள் மூன்று மணியளவில் சிற்றுணவு ஒன்றை உண்ண வேண்டும். சுண்டல், வாழைப்பழம், மோருடன் சில பிஸ்கட்டுகள் போன்றவை ஏற்றவை.

வேனிலோ பேருந்திலோ குழுவாகச் செல்வோர் விடியற்காலையிலேயே புறப்படுவதுண்டு. ஐந்து மணிக்குப் புறப்பட்டு வழியில் ஒன்பது மணிக்குக் காலை உணவு என்றால், வீட்டில் ஊசி செலுத்திக்கொண்டு வண்டியில் ஏறக் கூடாது. வண்டி உணவகத்தின் முன் நின்று, உணவு வருவது உறுதியான பின்னரே செலுத்திக்கொள்ள வேண்டும். காலை உணவு தள்ளிப்போனால் மதிய உணவு நேரமும் அதற்கேற்ப மாறும் என்பதைக் குழுவினரிடம் முன்பே தெரிவித்துவிடுவது நல்லது.

எதை உடன் வைத்திருக்க வேண்டும்?

பல பூங்காக்களில் வெளியுணவுக்கு அனுமதி இல்லை. நோயாளிக்கு இடைவேளை உணவு மருத்துவத் தேவை என்பதைக் குறிப்பிடும் மருத்துவரின் கடிதத்தை எடுத்துச் செல்லுங்கள். புறப்படுவதற்கு முந்தைய நாளே பூங்காவைத் தொலைபேசியில் அழைத்து இதுபற்றிப் பேசிவிட்டால் வாயிலில் வாக்குவாதம் எழாது. குளுக்கோஸ் பொடி, சர்க்கரை, குளுக்கோமீட்டர், ஊசி ஆகியவை மருந்துப் பொருள்கள் என்பதையும் தெரிவிக்கலாம்.

நீர்ப்பூங்காக்களில் மற்றொரு சிக்கல் உண்டு. உடைமைகள் அனைத்தையும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நீரில் இறங்குகிறோம். குளுக்கோஸும் அதனுள்ளேயே இருந்துவிடும்; சாவி நீரில் விளையாடும் வேறொருவரிடம் இருக்கும். இதைத் தவிர்க்க, நீர்புகாத சிறு பையில் குளுக்கோஸை வைத்து, கரையில் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் அளித்துவிட வேண்டும். அவர் இடம் மாறினால் நோயாளியிடம் சொல்லிவிட்டே மாற வேண்டும்.

இன்சுலினை வெயிலில் நிறுத்திய வாகனத்தில் விட்டுச் செல்லக் கூடாது. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் 30 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வீரியம் இழக்கும். பனிக்கட்டியை நேரடியாகத் தொடும்படியும் வைக்கக் கூடாது. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. துணியில் சுற்றிய குளிர்பையோ, நீரில் நனைத்துப் பயன்படுத்தும் இன்சுலின் பையோ போதுமானது.

அறிகுறிகளும் முதலுதவியும்

நாள் முழுவதும் நடப்பதும், படிகளில் ஏறுவதும், நீரில் விளையாடுவதும் உடற்பயிற்சியே. இவை சர்க்கரையைக் குறைக்கும். வெப்பத்தால் இன்சுலின் இரத்தத்தில் விரைவாகக் கலப்பதும் உண்டு. ஆகவே வழக்கமான அளவு மருந்தே அன்று மிகுதியாகச் செயல்படக்கூடும்.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி, காரணமற்ற எரிச்சல், பேச்சில் குழப்பம் ஆகியவை சர்க்கரை குறைவதன் அறிகுறிகள். இராட்டினத்தில் சுழன்று இறங்கியவருக்கும் படபடப்பும் வியர்வையும் இருக்கும் என்பதால் இவற்றைப் பிரித்தறிவது கடினம். ஐயம் ஏற்பட்டால் குளுக்கோமீட்டரில் சோதித்துப் பாருங்கள். சோதிக்கும் முன் கையைக் கழுவித் துடைப்பது இன்றியமையாதது. பஞ்சுமிட்டாய் ஒட்டிய விரலில் எடுத்த அளவு, உண்மையைவிட அதிகமாகக் காட்டும்.

அளவு 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால், அல்லது அறிகுறி இருந்தும் சோதிக்க வசதி இல்லையென்றால், உடனே 15 கிராம் அளவு சர்க்கரையை உட்கொள்ள வேண்டும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ நீரில் கரைத்துக் குடிக்கலாம். சர்க்கரை சேர்த்த குளிர்பானம் 150 மி.லி. அருந்தலாம்; ‘டயட்’ என்று குறிப்பிட்ட பானம் பயன்படாது. சாக்லேட்டும் ஐஸ்கிரீமும் கொழுப்பு மிகுந்தவையாதலால் சர்க்கரையை விரைவில் உயர்த்தா. 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, அளவு உயரவில்லையெனில் அதே அளவை மறுபடியும் தர வேண்டும். உயர்ந்த பின் உணவையோ சிற்றுணவையோ உண்ணச் செய்யுங்கள். குழந்தைகளுக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டறிந்து, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளி நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் சென்றுவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பூங்காவின் முதலுதவி நிலையத்துக்குத் தகவல் அளித்து, 108 எண்ணை அழையுங்கள். மருத்துவர் குளுக்ககான் ஊசி பரிந்துரைத்திருந்து, அது கையில் இருந்தால் செலுத்தலாம்.

உடன் செல்வோருக்கு

உணவு நேரத்தை நினைவூட்டும் பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். பதினொன்றரை மணிக்குக் கைப்பேசியில் ஓசை எழும்படி அமைத்துக்கொள்வது எளிய ஏற்பாடு. ‘இந்த ஓர் ஆட்டம் முடியட்டும்’ என்று நோயாளியே சொன்னாலும் இணங்க வேண்டாம். எவ்வளவு திட்டமிட்டும் உணவு அரைமணி நேரத்திற்கு மேல் தாமதமானால், ஒரு சிறிய வாழைப்பழத்தையோ மூன்று மாரி பிஸ்கட்டுகளையோ கொடுத்த பின் வரிசையில் நில்லுங்கள். முடிந்தால் நோயாளி நிழலில் அமர்ந்திருக்க, வரிசையில் மற்றொருவர் நிற்கட்டும்.

வீடு திரும்பிய பின்னும் கவனம் தேவை. பகலில் உடல் உழைத்ததன் விளைவு இரவு வரை நீடிக்கும். களைப்பினால் இரவு உணவைத் தவிர்த்துவிட்டு உறங்கச் செல்லக் கூடாது. படுக்கும் முன் சர்க்கரையைச் சோதியுங்கள். குறைவாக இருந்தால் சிற்றுணவு உண்ட பின் உறங்குங்கள்.

பயணத்திற்கு ஒரு வாரம் முன்பாக உங்கள் மருத்துவரையோ நீரிழிவுப் பிரிவுச் செவிலியரையோ சந்தித்து, அன்றைய மருந்தின் அளவும் நேரமும் மாற வேண்டுமா என்று கேளுங்கள். புறப்படும் நேரம், காலை உணவு நேரம், மதிய உணவு நேரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால், அவர் அதைப் பார்த்தே தக்க ஆலோசனை வழங்க இயலும்.