பலகைக்கும் பருவம் உண்டு

சிம்லாவின் பழைய மரத்தளங்களில் விழும் விரிசல் எல்லாமே நோயல்ல. காரணம் தெரியாமல் அடைப்பதுதான் ஆபத்து.

1888-ல் கட்டி முடிக்கப்பட்ட வைஸ்ராய் மாளிகை முதல் மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் எளிய வீடுகள் வரை, பழைய சிம்லாவின் உட்புறம் மரமயம். வீடுகளின் தளத்தில் பெரும்பாலும் தேவதாருப் பலகைதான். ஜனவரியில் அறைக்குள் புகாரி என்கிற விறகடுப்பு எரியத் தொடங்கியதும் பலகைகளுக்கு நடுவே கோடு விழுகிறது. அது அகல அகல வீட்டுக்காரருக்குப் பதற்றம். மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்துவிட்டு நிம்மதியாகிறார். ஜூலை மழை வந்ததும் அந்த நிம்மதி போய்விடுகிறது.

வெட்டி நூறாண்டு ஆனாலும் மரம் காற்றின் ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. நீளவாக்கில் அநேகமாக மாற்றமே இருக்காது. அகலவாக்கில்தான் சுருங்கி விரியும். மரத்தின் ஈரம் 16 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்தால், 15 செ.மீ. அகலப் பலகை சுமார் 2 மி.மீ. சுருங்கும். 20 பலகை கொண்ட அறையில் இது 4 செ.மீ. குளிரில் அந்த இடத்தை இறுக அடைத்துவிட்டால் மழையில் விரியும் பலகைக்குப் போக்கிடமில்லை. ஒன்றையொன்று நெருக்கி, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு மேலெழும்பும்.

எனவே முதல் வைத்தியம் பொறுமை. விரிசலின் இரு நுனியிலும் பென்சில் கோடு போட்டு, அகலத்தைத் தேதியோடு குறித்துவைக்க வேண்டும். மழையில் மூடிக்கொண்டால் அது பருவ விரிசல்; விட்டுவிடலாம். மூடாமல் கோட்டைத் தாண்டி நீண்டால்தான் கவலை.

விரிசல் விழுந்த இடமும் துப்புச் சொல்லும். பலகை நுனியில் ஆணியிலிருந்து கிளம்பினால் குற்றவாளி ஆணி. பலகையைக் குறுக்கே முறித்தால் அடியில் தாங்கும் சட்டத்தைச் சோதிக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தும்போது நல்ல மரம் எதிர்க்கும்; இற்ற மரத்தில் மெத்தென்று இறங்கும். துளையிலிருந்து மாவு உதிர்ந்தால் வண்டு. மண்குழாய் தெரிந்தால் கரையான். 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் நிலைத்தால் பூஞ்சை பிடிக்கும். கூரை ஒழுக்கு, சுவருக்குள் புதைந்த சட்டத்தின் முனை, சிமெண்ட் பூசி மூடப்பட்ட அடித்தளக் காற்றுத்துளை ஆகியவையே வழக்கமான காரணங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் பலகையை மாற்றினால் புதுப் பலகையும் இற்றுப்போகும்.

பழுதுபார்ப்பது பெரிய வித்தையல்ல. நிரந்தர இடைவெளிக்கு அதே மரத்தில் சீவிய மெல்லிய பட்டையைச் செருகலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டுமே பசை தடவ வேண்டும், மறுபக்கப் பலகை அசைய வேண்டும் என்பதற்காக. ஆணிப் பிளவில் பசையை உள்ளே செலுத்தி இறுக்கிக் கட்டி, காய்ந்தபின் முன்துளை போட்டுத் திருகாணி முடுக்கலாம். இற்ற பகுதியை மட்டும் சட்டத்தின் நடுவரை அறுத்தெடுத்து, நன்கு உலர்ந்த பழம்பலகையை ஒட்டுப்போடலாம்.

மொத்தத்தையும் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடுவது சுலபமாகத் தோன்றலாம். ஆனால் மத்திய அரசு ஒப்புதல் தந்த திட்டப்படி அல்லாமல் காடுகளில் மரம் வெட்டுவதை உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் நாடு முழுவதும் நிறுத்திவைத்தது. முதிர்ந்த தேவதாரு இனி எளிதில் கிடைக்காது. பெயர்த்து எறியும் பலகைக்கு ஈடான மரம் கடையில் இல்லை. பென்சிலோ எல்லா வீட்டிலும் இருக்கிறது.