கசப்புக்கு அறுபது நிமிடம், மணத்துக்கு ஐந்து

செக் நாட்டின் ஜாடெட்ஸ் வட்டாரத்தில் உயரமான கம்பிகளைப் பற்றி ஏறுகிறது ஹாப்ஸ் கொடி. அந்தச் சாகுபடிக்காகவே 2023இல் யுனெஸ்கோ அந்த ஊரையும் சுற்றுப்புறத்தையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பீருக்குக் கசப்பைத் தருவது இந்தக் கொடியின் பெண் பூதான். அதன் இதழ்களின் அடியில் மஞ்சள் தூளாக ஒட்டியிருக்கும் லுபுலினில் பிசினும் உண்டு, மணம் தரும் எண்ணெயும் உண்டு. பிசின் கொதித்தால்தான் பயன்படும். எண்ணெய் கொதித்தால் ஆவியாகிவிடும். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காததற்குக் காரணம் இதுவே.

பிசினிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள், முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டின் கரைசலில் எளிதில் கரைவதில்லை. கொதிநிலையில் அந்த மூலக்கூறு ஓர் அணுவையும் இழக்காமல், உள்ளமைப்பு மட்டும் மாறி ஐசோ ஆல்ஃபா அமிலமாகிறது. கரைவதும் நாக்கில் கசப்பதும் இந்தப் புது வடிவம்தான். பீரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாக்களை அடக்குவதும் இதுவே. ஆனால் மாற்றம் நிதானமாகத்தான் நடக்கும்.

எவ்வளவு நிதானம் என்பதைக் கணக்கிட, அமெரிக்கரான கிளென் டின்செத் வகுத்த சூத்திரத்தைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். நடுத்தர அடர்த்தியுள்ள 20 லிட்டர் கரைசலில், 5 சதவீத ஆல்ஃபா அமிலம் கொண்ட 30 கிராம் ஹாப்ஸைப் போடுவதாக வைத்துக்கொள்வோம். 5 நிமிடக் கொதியில் லிட்டருக்குச் சுமார் 3.5 மில்லிகிராம் கசப்புப் பொருள் சேரும். 15 நிமிடத்தில் 8.6, 60 நிமிடத்தில் 17. மேலும் அரை மணி நேரம் கொதிக்கவிட்டாலும் 18.5தான். கசப்புக்காக ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது எரிபொருளுக்குத்தான் கேடு.

மணத்தின் கணக்கு நேர் எதிர். மிர்சீன், லினலூல் போன்ற எண்ணெய்ச் சேர்மங்கள் நீராவியோடு பறந்துவிடும். அதனால் மணத்துக்கான பூவைக் கடைசி ஐந்து நிமிடத்திலோ, அடுப்பை அணைத்த பிறகோ போடுகிறார்கள். அருமையான மணமுள்ள, விலை கூடிய ரகத்தைத் தொடக்கத்திலேயே கொட்டுவதைப் போல வீண்செலவு வேறில்லை. அந்த வேலைக்கு ஆல்ஃபா அமிலம் மிகுந்த மலிவான ரகமே போதும்.

இடமும் கணக்கை மாற்றும். சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் நகரில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அங்கே அதே ஒரு மணி நேரம் குறைவான கசப்பையே தரும்.

பிறகு ஏன் சிலர் 90 நிமிடம் கொதிக்கவிடுகிறார்கள்? அது ஹாப்ஸுக்காக அல்ல, மால்ட்டுக்காக. இளஞ்சூட்டில் உலர்த்திய வெளிர்நிற பில்ஸ்னர் மால்ட்டில் ஒரு கந்தகச் சேர்மம் மிச்சமிருக்கும். சூட்டில் அது சிதைந்து, வேகவைத்த மக்காச்சோள வாடையுள்ள டைமெத்தில் சல்ஃபைடாக மாறும். அதன் கொதிநிலை 37 டிகிரிதான் என்பதால் கொதிக்கும்போது ஆவியோடு வெளியேறிவிடும். எனவே பாத்திரத்தை மூடவே மூடாதீர்கள். அடுப்பை அணைத்ததும் கரைசலை விரைவாகக் குளிரவையுங்கள். சூடு இருக்கும்வரை அந்த வாடைப்பொருள் உருவாகிக்கொண்டே இருக்கும், அதை வெளியே கொண்டுபோகக் கொதி இருக்காது.